இடது செருப்பின் அடுக்குகள்

ஜனவரி 11

வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் 'ஹலோ' முடிவதற்குள் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நம் மகள்தான். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆபரேஷன் முடிந்து தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உயிரோடு இருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே இடது காலைச் சுற்றி மூன்று வளையங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கம்பிகள் சதைக்குள் புகுந்து, எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வெளியே வருகின்றன. உங்கள் கடையில் கோட்டம் எடுக்க மாட்டியிருக்கும் சைக்கிள் சக்கரத்துக்குள் என் காலை விட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் பார்த்தால் ஸ்பேனரைத் தேடுவீர்கள்.

பத்து வயதில் படிக்கட்டில் விழுந்து முறிந்து, கோணலாகக் கூடி, அப்புறம் சரியாக வளராமல் குட்டையாகவே நின்றுபோன எலும்பு இது. அதை டாக்டரம்மா குறுக்கே வெட்டியிருக்கிறார். இது என்ன கூத்து என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வெட்டின எலும்ப சும்மா விட்டா ஒட்டிக்கும். ஒட்டறதுக்குள்ள நாம தினம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே போவோம். அது என்ன பண்ணும்? 'இன்னும் எட்டல போலிருக்கு'ன்னு நடுவுல புது எலும்பு போட்டுக்கிட்டே வரும். உங்க உடம்பு ஏமாந்த உடம்புதான், ஆனா நல்ல உடம்பு."

அந்தப் புது எலும்பு வளர்ந்து கெட்டிப்பட்டால் இரண்டு காலும் சமம். வளராவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி கத்தி. அதுவும் இல்லையென்றால் பாதியோடு நிறுத்திக்கொள்வது. நாள் முழுக்க மேஜை முன்னால் நின்று யூனிஃபார்ம் துணி வெட்டுகிறவளுக்கு இடுப்பு வலி என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும். தைலம் தேய்த்தவர் நீங்கள்தானே. இந்த வருஷக் கடைசி வரைக்கும் என் மேஜையை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் நான் நேராக நிற்க வேண்டும்.

ஒரு வேலை இருக்கிறது. கால் நீள நீள இடது செருப்பின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டுமாம். டயர் ரப்பரில் ஐந்து அடுக்கு ஒட்டிக் கொடுத்தவர் நீங்கள். இந்த ஊரிலும் செருப்புத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஜோடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓர் அடுக்கு உரித்து அனுப்புங்கள். இரண்டு ஜோடி இருப்பதால் ஒன்று காலில் இருக்கும், ஒன்று தபாலில் இருக்கும்.

நான் பஸ் ஏறிய அன்று நீங்கள் கடையைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் கணக்கு தனி.

வீட்டுக்காரி

ஜனவரி 21

வீட்டம்மாவுக்கு,

என் பேச்சைக் கேட்காமல் போனவள் செருப்புக்கு மட்டும் என்னைக் கேட்கிறாய். இருக்கட்டும்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. டயர் மேல் சாக்பீஸால் குறி போடுவதோடு சரி. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வேண்டாம் என்றது இப்போதும் வேண்டாம்தான். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: ஓடுகிற வண்டியைப் பிரிக்காதே, திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு மிஞ்சும். உன் காலை நான் ஒரு நாளாவது குறை சொன்னதுண்டா? ஊரில் எவனாவது சொன்னால் அவன் வண்டிக்கு நான் காற்றுகூட அடித்ததில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்றேன். அதற்குத்தான் நீ அரிசி மூட்டை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

செருப்பில் ஓர் அடுக்கு உரித்துவிட்டேன். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. நான் போட்ட பசை என்னையே எதிர்க்கிறது. சூடு காட்டி, உளி விட்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. அடியில் இரண்டு செருப்புக்கும் புதிதாக வரி ரப்பர் ஒட்டியிருக்கிறேன். வழுக்காது.

மகள் சமைக்கிறாள். உப்பு விஷயத்தில் உன் வாரிசு. மற்றபடி வீடு நிற்கிறது.

வலிக்கிறதா? அதை மட்டும் எழுது.

கடைக்காரர்

பிப்ரவரி 3

வீட்டுக்காரருக்கு,

வலிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி எலும்பு வலிக்கவில்லை. எலும்பு பாட்டுக்குச் சொன்ன வேலையைச் செய்யும் போலிருக்கிறது. சதையும் தோலும்தான் 'எங்களை யார் கேட்டார்கள்' என்று முரண்டு பிடிக்கின்றன. எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

வளையங்களுக்கு நடுவே இருக்கும் மரையை ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால்வாசிச் சுற்று திருக வேண்டும். தங்கைதான் திருகுகிறாள். "அக்கா, திருகட்டுமா?" என்று டீ வேண்டுமா என்கிற மாதிரி கேட்பாள். திருகும்போது கண்ணை மூடிக்கொள்வது அவள்தான், நான் இல்லை. கண்ணைத் திறந்து திருகுடி என்று நான் கத்த, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

செருப்பு வந்தது. அடுத்த ஜோடியை அனுப்பியிருக்கிறேன், இதில் இரண்டு அடுக்கு உரித்துவிடுங்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக உங்கள் செருப்பு ஆகப்போகிறது.

வீட்டு முன்னால் சிமென்ட் போட்ட நடை ஒன்று கேட் வரைக்கும் போகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதில் போய் வந்து போய் வந்து நடக்கிறேன். நடந்தால்தான் எலும்பு கெட்டிப்படுமாம். தங்கை, மாமியார் மாதிரி, பின்னாலேயே வந்து "போதும்க்கா, உக்காருக்கா" என்கிறாள். நான் விடுவதில்லை.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். உப்பைப் பற்றி எழுதியது மகளுக்குத் தெரியுமா?

வீட்டுக்காரி

மார்ச் 4

வீட்டுக்காரருக்கு,

மூன்று அடுக்கு உரித்த செருப்பும் வந்தது. ஆனால் இந்தக் கடிதத்தை எழுத மனசே வரவில்லை. நீங்கள் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

எலும்பு வரவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். வெட்டின இடத்தில் இந்நேரம் மேகம் மாதிரி வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். எனக்குக் கறுப்பாக ஓர் இடைவெளி மட்டும் தெரிகிறது. மேலே ஒரு எலும்பு, கீழே ஒரு எலும்பு, நடுவில் ஒன்றுமில்லை. கூடவே வந்திருந்த தங்கை அழுதுவிட்டாள். நான் அழவில்லை, வீட்டுக்கு வந்து அழுதேன்.

டாக்டரம்மா திருகுவதை நிறுத்தி வைத்திருக்கிறார். "நடக்கறீங்கல்ல?" என்றார். "காலையும் சாயங்காலமும் நடக்கறேன் டாக்டர், கேட் வரைக்கும் நடந்து நடந்து சிமென்ட்டே தேஞ்சுபோச்சு" என்றேன். அப்புறமும் எலும்பு ஏன் வரவில்லை என்று அவருக்கும் புரியவில்லை. அடுத்த படத்திலும் ஒன்றும் தெரியாவிட்டால் இதோடு நிறுத்திவிட்டு இடுப்பு எலும்பை எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் கால் முழுசும் சமமாகாது, இந்த வருஷத்துக்குள் மேஜைக்கும் திரும்ப முடியாது.

பயமாக இருக்கிறது. தங்கையிடம் சொன்னால் மறுபடி அழுவாள், மகளிடம் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு ஜோடியையும் அனுப்பியிருக்கிறேன். வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. இடதில் இப்போதைக்கு ஒன்றும் உரிக்க வேண்டாம். தங்கையின் பழைய செருப்பை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரி

மார்ச் 12

வீட்டம்மாவுக்கு,

நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேறொன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. உன் செருப்புகளை மேஜை மேல் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். வலது செருப்பில் நான் ஒட்டிய வரி ரப்பர் குதிகாலில் வழுக்கையாகத் தேய்ந்துவிட்டது. இடதில் வரி அப்படியே இருக்கிறது. நான் கத்தியால் சீவிய பிசிறுகூட ஓரத்தில் இன்னும் நிற்கிறது. முன்னாலெல்லாம் நீ சாய்ந்து நடந்தாலும் இடது செருப்பும் வெளி ஓரத்தில் கொஞ்சமாவது தேயும். இதில் அதுகூட இல்லை. இரண்டு ஜோடியிலும் அதே கதை.

ஒரே வண்டியில் ஒரு டயர் மொட்டையாகி ஒரு டயர் புதுசாக இருந்தால், பாரம் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ நடக்கவில்லை. வாக்கரிலும் வலது காலிலும் தொங்கிக்கொண்டு போய் வருகிறாய். இடது கால் சும்மா உன்கூடப் பயணம் வருகிறது.

நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. உனக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு எலும்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எலும்பு வராததற்கு இதுதான் காரணமா என்று நான் எப்படிச் சொல்வேன்? டாக்டரம்மாவிடம் இந்தச் செருப்பைக் காட்டு, அவர் சொல்வார். அதனால்தான் புது ரப்பர் ஒட்டாமல், வாரை மட்டும் தைத்து அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

நடுவில் நான் கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தால் அது ராத்திரி சரியாகத் தூங்காததால்.

கடைக்காரர்

மார்ச் 23

வீட்டுக்காரருக்கு,

உங்கள் குற்றப்பத்திரிகை கிடைத்தது. படித்து முடித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். உயிரைக் கொடுத்து நடக்கிறேன், இவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு செருப்பில் ஜோசியம் பார்க்கிறார் என்று தங்கையிடம் கத்தினேன். அவள் செருப்பை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என் கைப்பையில் வைத்தாள்.

டாக்டரம்மா செருப்பைப் பார்த்தார். எடை பார்க்கும் மெஷின் இரண்டைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஒரு கால் வீதம் நிற்கச் சொன்னார். "நல்லா ஊனி நில்லுங்க" என்றார். நன்றாகத்தான் ஊன்றி நின்றேன். என் மனசுக்கு இரண்டு காலும் சமமாகத்தான் இருந்தன. குனிந்து பார்த்தால் வலது மெஷினில் கிட்டத்தட்ட முழு மனுஷியும் நிற்கிறாள், இடது மெஷினில் ஒரு பூனைக்குட்டி நிற்கிறது.

"இன்னும் ஊனுங்க" என்றார். அதற்கு மேல் எப்படி ஊன்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பத்து வயதிலிருந்து நான் அந்தக் காலை நம்பியதே இல்லை. உங்கள் ஐந்து அடுக்கு அதை உலகத்தார் கண்ணுக்கு மறைத்தது, எனக்கும் மறந்துபோய்விட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. "கேட் வரைக்கும் நடந்தீங்களான்னு கேட்டேன், எந்தக் கால்ல நடந்தீங்கன்னு நான் கேக்கல. அது என் தப்பு" என்றார். அப்புறம் சொன்னார்: "எலும்புக்கு பாரம் தெரியணும்மா. பாரம் வந்தாத்தான் 'இங்க நமக்கு வேலை இருக்கு'ன்னு உக்காரும். எந்தப் பக்கம் பாரமோ அந்தப் பக்கம் தன்னைத் தானே கெட்டியாக்கிக்கும். சும்மா வெச்சா அதுவும் சும்மா இருந்துடும்."

ஒரு மெஷினைக் கையோடு கொடுத்து அனுப்பியிருக்கிறார். தினமும் இடது காலை அதில் ஊன்றி, முள்ளை ஒரு கோடு ஒரு கோடாக ஏற்ற வேண்டும். முதல் நாள் இரண்டு கோடு ஏறுவதற்குள் வியர்த்துவிட்டது. வலி இல்லை, பயம். கால் மடங்கி மறுபடி படிக்கட்டில் உருளப்போகிறேன் என்றே தோன்றுகிறது. எதிரில் பிடிக்க ஆள் நின்றால் பயம் போகும் என்று நடக்கச் சொல்லித் தருகிற நர்ஸ் சொல்கிறார். தங்கை ஒல்லிக்குச்சி, நான் விழுந்தால் அவளும் சேர்ந்து விழுவாள்.

கடை வேலை எப்படி இருக்கிறது? ரொம்ப வேலையோ?

வீட்டுக்காரி

மே 2

மயங்கி விழுந்த மாவீரருக்கு,

நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் உங்கள் புகழ் இங்கே ஓயவில்லை. என்னைப் பிடிக்க வந்த ஆள், கம்பி நுழைகிற இடத்தைத் தங்கை துடைப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே சாய்ந்ததை அவள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. காலில் மூன்று வளையத்தோடு நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அப்போது வாக்கரைப் பிடிக்காமல் தெளித்தேன் என்று தங்கை சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

கடிதத்துக்குப் பதில் போடாமல் ஆளாகவே வந்து நிற்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வாரமும் நீங்கள் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே கேட் வரைக்கும் நடந்தீர்கள். "ஊனு, ஊனு, நான் இருக்கேன்ல" என்று ரிவர்ஸ் எடுக்கிற லாரிக்குக் கிளீனர் கத்துகிற மாதிரி ஒரே சத்தம். சிரிப்பு வந்தால் பயம் தங்காது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் அம்மியும் நகர்ந்தது. இப்போது இடது கால் மெஷினில் முள் பாதி எடையைத் தாண்டுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று படம் எடுத்தார்கள். டாக்டரம்மா விளக்கில் மாட்டிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார், நானே பார்க்கட்டும் என்று. கறுப்பாக இருந்த இடத்தில் மேலிருந்தும் கீழிருந்தும் வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. நடுவில் இன்னும் சேரவில்லை, சேர்ந்துவிடுமாம். நாளையிலிருந்து மறுபடி திருகலாம் என்றார். இடுப்பில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நான் அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். சந்தோஷமாக இருக்கிறேன். இதை அழகாக எழுதத் தெரியவில்லை.

செருப்பு வருகிறது. நாலாவது அடுக்கை உரியுங்கள்.

வீட்டுக்காரி

ஜூன் 20

வீட்டம்மாவுக்கு,

நான் மயங்கவில்லை. பஸ்ஸில் சாப்பிடாமல் வந்தேன், கண் இருட்டியது. உன் தங்கையிடம் இதைச் சொல்லிவை. என் கொழுந்தியாளாகப் போனதால் பொறுத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பற்றி நீ எழுதியதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினேன். காற்றடிக்க வந்த ஒருவர் அவசரமாகப் போக வேண்டும் என்றார். முதலில் இதைக் கேளுங்கள் என்று உட்கார வைத்தேன்.

ஐந்தாவது அடுக்கையும் உரித்தாயிற்று. இரண்டு செருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இடது, எது வலது என்று குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் விற்கிற எந்தச் செருப்பும் இனி உனக்குப் பொருந்தும்.

ஒன்று எழுதட்டுமா? நான் உன் ஆபரேஷனை வேண்டாம் என்றதற்கு நட்டு மிஞ்சும் என்பதெல்லாம் மேல்பேச்சு. நீ என் கையால் செய்ததைப் போட்டுக்கொண்டு நடந்தாய். எனக்கு அது பெருமையாக இருந்தது. உன் கால் சரியாகிவிட்டால் நான் உனக்கு எதற்கு என்று ஓர் எண்ணம் உள்ளே இருந்தது. உரிக்க உரிக்க அந்த எண்ணம் பெரிதாயிற்று. படம் நன்றாக வந்தது என்று நீ எழுதியபோது எனக்குச் சந்தோஷம்தான், ஒரு பொட்டுக் குறையவில்லை. அதன் கூடவே இதுவும் இருந்தது.

எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கடைக்காரர்

அக்டோபர் 14

வீட்டுக்காரருக்கு,

வளையங்களைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய கால் வெளிறிப்போய், மெலிந்து, சந்தையில் விலைபோகாத முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. ஆனால் நேராக இருக்கிறது. டாக்டரம்மா படத்தைக் காட்டி "இதுல எங்க வெட்டினோம்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். தேடிப் பார்த்தேன், லேசாகத் தடித்த ஓர் இடத்தைக் காட்டினேன். "அதுவும் போயிடும். நீங்க நடக்க நடக்க அதுவே வேண்டாததைக் கரைச்சு, வேண்டிய இடத்துல சேத்துக்கும்" என்றார். இனி கொஞ்ச நாள் ஒரு பட்டை மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூனில் நீங்கள் எழுதியதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. போனில் சொல்லவும் வரவில்லை. இத்தனை வருஷமாக நான் உங்களோடு இருந்தது செருப்புக்காக என்றா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? அதற்கு ஒரு டப்பா பசையும் ஒரு பழைய டயரும் போதுமே, உங்கள் குறட்டையை எதற்குச் சகித்துக்கொள்ள வேண்டும்? எனக்கு நீங்கள் வேண்டும் என்பதால் இருக்கிறேன். இதைப் பச்சையாக எழுதவைத்துவிட்டீர்களே என்று வெட்கமாக இருக்கிறது.

மாதக் கடைசியில் வருகிறேன். என்றைக்கு என்று சொல்லமாட்டேன். பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதீர்கள். அங்கிருந்து நானே நடந்து வரப்போகிறேன்.

வீட்டுக்காரி

நவம்பர் 16

வீட்டம்மாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதி உன் பையில் வைத்திருக்கிறேன். மத்தியானம் வெட்டு மேஜையில் யாரும் இல்லாதபோது படி.

நீ வந்த அன்று சாயங்காலம் நான் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நடந்து வந்து நின்றார்கள். "ஒரு பஞ்சர் போடணும்" என்றது குரல். தலையைத் தூக்காமல் "வண்டி எங்க?" என்றேன். "நடந்தே வந்துட்டேன்" என்றாய். அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும், தெருவே பார்த்தது.

நான் சொல்ல வந்தது வேறு. முன்னெல்லாம் நீ வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு காலடி அழுத்தமாகவும் ஒரு காலடி லேசாகவும் கேட்கும். திரும்பிப் பார்க்காமலே டீக்குச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நீ முழுத் தெருவும் நடந்து வந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுத்தபோது அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

இந்த இரண்டு வாரமாகக் காது வைத்துக் கேட்கிறேன். நேற்று சாயங்காலம் நீ வருவது தெரிந்துவிட்டது. முனையிலேயே. இப்போது இரண்டு காலடியும் ஒரே மாதிரி விழுகின்றன, ஆனால் வேறு யாரும் அப்படி நடப்பதில்லை.

இன்னொன்று. நேற்று காலையில் கடைவீதிக்குப் போனபோது நீ பாட்டுக்கு முன்னால் போய்விட்டாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். முனையில் நின்று "வயசாயிடுச்சா?" என்று கேட்டாய். வயசு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உன் வேகத்துக்கு நடந்து நடந்து என் கால் அதற்கே பழகிவிட்டது. வேகமாக நடப்பது எப்படி என்று எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. உனக்குத் தெரியாது, உன்னிடம் நான் சொன்னதில்லை.

கற்றுக்கொள்வேன். அதுவரைக்கும் நீ கொஞ்சம் மெதுவாக நட.

கடைக்காரர்